லென்ஸ் மாட்டிய பலகை

செய்தி வந்தபோது மணி என்ன என்று அந்தக் கடையில் யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது. சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒன்று விடியவே இல்லை என்றது, ஒன்று பொழுது சாய்ந்துவிட்டது என்றது, இன்னொன்று நின்றுபோய் நாளாயிற்று. ரிப்பேருக்கு வந்தவை அப்படித்தான் இருக்கும். மேசைக்கு நேர் மேலே தொங்கிய ஒன்றை மட்டும்தான் நம்பலாம். அதில் பதினொன்றே கால். காலைக் குப்பை வண்டி தெருவை முடித்துக்கொண்டு முனை திரும்பும் நேரம்.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லென்ஸண்ணே! வண்டியக்கா வண்டி எரியுதுண்ணே!"

மேசையில் வாட்ச் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த லென்ஸ் அப்படியே எழுந்து ஓடினார். கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது என்பது பாதித் தெரு தாண்டி, ஒரு சைக்கிள்மேல் மோதிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

முனையில் எல்லாக் கடைக்காரர்களும் கூடியிருந்தார்கள். மூன்று சக்கர வண்டியின் பின்பாதியிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. ஹார்டுவேர் கடைக்காரர் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினார். சலூன்காரரும் எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்காரனும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வண்டியை ஓட்டுகிறவளை அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாரும் வண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து வலது கையை முழங்கைவரை ஒரு வாளிக்குள் விட்டிருந்தாள். பேப்பர் மூட்டையிலிருந்து புகை வந்ததும் அதை மட்டும் இழுத்துப் போட்டுவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். பிளாஸ்டிக் சாக்கு உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"பின்ன, வேடிக்கைக்கா கையை வாளிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

லென்ஸ் வண்டியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு அடைத்தது. அடைத்தவர் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"பேப்பர் தானா எரியாது. பேட்டரிதான். செல்போன் பேட்டரி!" என்றார். பிறகு கூட்டத்தில் தேடி, வாளியோடு நின்ற எதிர்க்கடைக்காரனைக் கண்டுபிடித்தார். அவன் வேறு யாரும் இல்லை, அவர் மனைவியின் தம்பி. "எத்தனை தடவை சொன்னேன் மாப்ளே? பேட்டரியைக் கண்ட இடத்துல போடாத, போடாதன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே!"

"நான் போடல அத்தான். என் கடைப் பேட்டரி எல்லாம் பூட்டின டப்பாவுலதான் இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

"பூட்டின டப்பாவுல இருந்து ரெக்கை முளைச்சுப் பறந்து வந்துச்சாக்கும்?"

கூட்டம் சிரித்தது. எரிகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தது. தான் பேசி நாலு பேர் சிரித்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த ஒரு நொடி லென்ஸுக்கும் பிடித்திருந்தது. பின்னாளில் அவரைப் பிடுங்கித் தின்றதெல்லாம் அந்த நொடிதான்.

மைத்துனன் வாளியைக் கீழே வைத்தான். யாரையும் பார்க்காமல் தன் கடைக்குப் போனான்.

லென்ஸ் பெரிய கைத்தொழில்காரர் ஒன்றும் இல்லை. அவரே அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார். கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் மூடி பொருத்தும் பிரிவில் இருந்தவர். தொழிற்சாலையை மூடியபோது கையில் கிடைத்த சாமான்களை ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து இந்தத் தெருவில் கடை திறந்தார். செல் மாற்றுவார், பட்டை மாற்றுவார், கண்ணாடி மாற்றுவார். கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள் குறைந்த பிறகு வண்டிச் சாவி, கால்குலேட்டர், எடை பார்க்கிற மெஷின் என்று எதற்குச் செல் தேவையோ அதற்கெல்லாம் மாற்றினார். அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. "எதுல போட்டா என்ன, செல்லு செல்லுதான்" என்பார்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் சட்டம் மாதிரி இருந்தது. கழற்றிய பழைய செல்லை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுவார். "மாத்தாமலே மாத்திட்டேன்னு சொல்ற ஆளு நான் இல்ல. இந்தாங்க, உங்க பழசு." அவர்களுக்கு அது எதற்கும் ஆகாது. ஆனாலும் அந்தச் சின்னக் கவரை வாங்கிக்கொள்ளும்போது எல்லார் முகத்திலும் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதைக்காகத்தான் அவர் கடை திறந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

பிள்ளை இல்லாத வீடு. மனைவியின் தம்பியைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அவன் செல்போன் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டதும் எதிர்க்கடை காலியானபோது அவர்தான் போய்ப் பேசி அதை அவனுக்கு எடுத்துக்கொடுத்தார். தினமும் மத்தியானம் மனைவி கொண்டுவரும் சாப்பாட்டை இருவரும் அந்த மேசையிலேயே, திருகாணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

பிறகு நகராட்சியிலிருந்து அந்த உத்தரவு வந்தது. கடைகள் இனிக் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். பேப்பர் தனி, பிளாஸ்டிக் தனி, சாப்பாட்டு மிச்சம் தனி, கண்ணாடியும் இரும்பும் தனி. பேட்டரி, பல்பு வகையறாவை எந்தத் தொட்டியிலும் போடக்கூடாது, சேர்த்துவைத்து நேரில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். கலந்து போட்டால் வண்டி எடுக்காது. ஷட்டரில் மஞ்சள் காகிதம் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'இக்கடை குப்பை பிரிக்காத கடை' என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அந்த நோட்டீஸைத் தெருவில் கடைசி வரிவரை படித்தவர் லென்ஸ் ஒருவர்தான். கடைக்காரர்கள் சேர்ந்து போட்ட குப்பைக் கமிட்டிக்குத் தலைவராவதற்கு அதுவே போதுமான தகுதியாகிவிட்டது.

அவர் மேசை அப்போது தெருவைப் பார்த்துப் போட்டிருந்தது, வெளிச்சத்துக்காக. உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தக் கடை எதைக் கொண்டுவந்து எங்கே போடுகிறது என்று பார்த்துவிடுவார். சந்தேகம் வந்தால் எழுந்து போய்த் தொட்டிக்குள் தலையை விடுவார். அதுவரை வாட்ச்காரர் என்றிருந்தவரைத் தெரு லென்ஸ் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

"இது பேப்பர் இல்ல தம்பி, வெண்ணெய்" என்று பேக்கரிக்காரரின் காகிதத்தை விரல் நுனியில் தூக்கிக் காட்டுவார். "இதைப் போய்ப் பேப்பரோட போட்டா மத்த பேப்பரும் கெட்டுப்போயிடும், சேர்க்கை சரியில்லாத பையன் மாதிரி."

"அண்ணே, முடியை எதுல போடறது?" என்று சலூன்காரர் கத்துவார்.

"நீ வெட்டாம இருந்தா நல்லது. வெட்டினதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

கேலியும் கிண்டலுமாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. துணிக்கடையின் அட்டைப்பெட்டிகள் ஹார்டுவேர் கடைக்குப் போயின. தையல்காரரின் வெட்டுத்துணிகள் வண்டி ரிப்பேர் கடையில் எண்ணெய் துடைக்கப் போயின. பேக்கரியில் சொந்த டப்பா கொண்டுவருகிறவர்களுக்குப் பெரிய துண்டு. தெருவில் எந்த ஷட்டரிலும் மஞ்சள் காகிதம் ஏறவில்லை. நகராட்சி மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து லென்ஸின் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஊரைத் திருத்துகிறவன் தன் கடையைத் திருத்த வேண்டாமா? பழைய செல்லைப் போட்டுக் கொடுக்க அவர் அதுவரை சின்னப் பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். அதை நிறுத்தினார். ஜெராக்ஸ் கடையில் பாழாகிப்போன காகிதங்களை வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். அவள் மத்தியானங்களில் ரேடியோ கேட்டுக்கொண்டே அவற்றைச் சின்னச் சின்னக் கவராக ஒட்டினாள். மூலையை இரண்டாக மடித்து நாக்கு மாதிரி உள்ளே செருகுவாள். பின் வேண்டாம், நூல் வேண்டாம். லென்ஸ் அதை எல்லாருக்கும் காட்டினார். "இதுக்குப் பேருதான் குப்பையைக் குறைக்கிறது."

பிளாஸ்டிக் உறையில் செல் வெளியே தெரியும். ஜனங்கள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். காகிதக் கவரில் தெரியாது. தெருவுக்கான பேப்பர் தொட்டி அவர் கடை வாசலிலேயே இருந்தது, அவர் கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான் அங்கே வைத்தார்கள். வாடிக்கையாளர் நன்றி சொல்லிக் கவரை வாங்குவார், படியிறங்குவார், தொட்டியைப் பார்ப்பார், பேப்பர்தானே என்று கவரோடு அதில் போட்டுவிட்டுப் போவார்.

அதை லென்ஸ் பார்க்காமல் இல்லை, தினம் பார்த்தார். காகிதம் காகிதத் தொட்டியில் விழுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். உள்ளே தான் போட்ட செல் இருக்கிறது என்பது மட்டும் ஒருநாளும் அவருக்கு உறைக்கவில்லை. செல் அவரைப் பொறுத்தவரை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தாயிற்று, தீர்ந்தது.

மைத்துனன் விஷயத்தில் மட்டும் அவர் எப்போதும் ஒரு படி கூடக் கறார். சொந்தக்காரனை விட்டுவிட்டு ஊரைப் பிடிக்கிறான் என்று பேர் வந்துவிடக் கூடாதே! எல்லார் முன்னாலும் அவன் டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அவனும் சிரித்துக்கொண்டே திறந்து காட்டுவான். "பாத்துக்கோங்க அத்தான். லென்ஸ் போட்டும் பாத்துக்கோங்க."

வண்டி எரிந்த அன்று பிற்பகல் பேக்கரியின் பின்னறைக்குக் கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டார் மேற்பார்வையாளர். சாம்பலைக் கிளறியதில் கிடைத்ததை ஒரு கேக் தட்டில் கொட்டி வைத்திருந்தார். மைத்துனனையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"லென்ஸ் சார், உங்ககிட்டதான் லென்ஸ் இருக்கு. எந்தப் பேட்டரின்னு பாத்துச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

லென்ஸ் கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தார். உருகி ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு கட்டி. வட்ட வட்டமாக இருந்தது. செல்போன் பேட்டரி வட்டமாக இருக்காது. பக்கத்தில், மூட்டையின் நடுவில் அமுங்கிக் கிடந்ததால் முழுக்க எரியாமல் தப்பிய ஒரு காகிதத் துண்டு. வண்டியக்கா இடம் போதாமல் பேப்பர் மூட்டையைக் கட்டையால் இடித்து இடித்து அமுக்குவாள். அப்படி அமுங்கியது. அதன் மூலை இரண்டாக மடிந்து, நாக்கு மாதிரி உள்ளே செருகியிருந்தது.

அவர் நிமிரவில்லை. லென்ஸ் கண்ணில் இருக்கும்வரை உலகம் அந்தத் தட்டளவுதான். எடுத்தால் அறை முழுக்க முகங்கள் இருக்கும்.

"என்னண்ணே, செல்போன் பேட்டரிதானே?" என்று கேட்டார் ஜெராக்ஸ்காரர். ஆம் என்றால் முடிந்தது. அந்த அறையில் வேறு யாரிடமும் லென்ஸ் இல்லை.

"இல்ல" என்றார். கண்ணிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார். "இல்ல. இது பட்டன் செல்லு. வண்டிச் சாவிக்குப் போடறது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அழுந்திச் சூடாகியிருக்கு. என் கடைதுதான். கவரும் என் கடைது, என் வீட்டுல ஒட்டினது."

சலூன்காரர்தான் முதலில், "ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்லுவாங்க..." என்று ஆரம்பித்து, லென்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேக்கரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் பன் எடுத்து வைத்தார். யாரும் தொடவில்லை.

"வேணும்னு செஞ்சது இல்லையே" என்று மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார்.

வாசற்படியிலிருந்து மைத்துனன் அவரிடம் கேட்டான். "அப்ப நான் கடைக்குப் போலாமா சார்?"

லென்ஸ் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் லென்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டியக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் நின்றார்.

"உக்காருங்கண்ணே. நின்னுக்கிட்டே இருந்தா வாடகை கேக்க வந்த மாதிரி இருக்கு."

உட்கார்ந்தார். "என் கடைச் செல்லுதாம்மா" என்றார்.

"தெரியும். சொன்னாங்க." அவள் கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "வேற எவனாச்சும் போட்டிருந்தா வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டித் தீத்திருப்பேன். நீங்கன்னு சொன்னதும் என்னத்தச் சொல்றதுன்னே தெரியல. அதுதாண்ணே எனக்குக் கடுப்பா இருக்கு."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாங்கிக்கொள்ள அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. கொண்டுபோன பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, அவற்றைப் போட்டுவந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்து அதற்கும் கூசி, பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

கை ஆறியதும் அவள் வேலைக்கு வந்தாள். வண்டி இல்லை. புது வண்டி வரும்வரை என்று ஒரு தள்ளுவண்டி கொடுத்திருந்தார்கள். அந்தத் தெரு முனையை நோக்கி மேடாக ஏறும். வெறுங்கையோடு நடக்கிறவனுக்கு அது தெரியாது. நிறைந்த தள்ளுவண்டியை ஒரு கைக்கு அதிகம் பாரம் கொடுக்காமல் தள்ளுகிறவளைப் பார்க்கும்போதுதான் தெரியும். தினமும் காலையில் லென்ஸின் மேசைக்கு நேரெதிரே அந்த வண்டி ஏறியது. அதற்கு அந்தப் பக்கம், தெரு அகலத்தில், மைத்துனன் கடை.

ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒரு காலையில் கடையைத் திறந்ததும் மேசையை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். தெருவுக்கு முதுகு. வெளிச்சம் போதாமல் பகலிலேயே விளக்கு. கமிட்டிக்கு இனி வரமாட்டேன் என்று பேக்கரிக்காரரிடம் சொல்லியனுப்பினார். பழைய செல்லை வாடிக்கையாளரிடம் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டார்.

எதிர்க்கடையில் கூட்டம் குறைந்தது. பழி சொன்னபோது ஊரே இருந்தது. இல்லை என்று சொன்னபோது பேக்கரியின் பின்னறையில் கமிட்டி மட்டும்தான் இருந்தது. "அது தீப்பிடிக்கிற கடையாமே" என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி பாதி ரிப்பேரில் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். மனைவி மத்தியானச் சாப்பாட்டை இரண்டு டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தாள். ஒன்றை இங்கே வைத்துவிட்டு, இன்னொன்றோடு தெருவைத் தாண்டுவாள்.

"என்ன சொல்றான்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார் அவர்.

"உப்பு கம்மின்னு சொல்றான்."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி என்ன இருக்கு சொல்ல?" ஒருநாள் அவளுக்கும் பொறுக்கவில்லை. "அன்னைக்கு அவனைச் சொன்னப்போ உங்க குரல் எட்டூருக்குக் கேட்டுச்சாம். தப்பு என் மேலன்னு சொல்ல மட்டும் தொண்டை கட்டிக்கிச்சா? அவன் பக்கம் பேசினா நீங்க மூஞ்சியத் தூக்குறீங்க, உங்க பக்கம் பேசினா அவன் தூக்குறான். நான் நடுவுல டப்பாவைத் தூக்கிட்டு அலையறேன்."

சொல்லத்தான் வேண்டும். அதே முனையில், அதே ஆட்கள் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். லென்ஸுக்கு அது தெரியாமல் இல்லை. தினம் காலையில் இன்றைக்கு என்று நினைப்பார். முனைவரை நடப்பார். அங்கே நாலு பேர் நின்றால் கூச்சம், யாரும் இல்லாவிட்டால் நிம்மதி. திரும்பி வந்துவிடுவார்.

வாயால் முடியாததைப் பலகையால் செய்தார். பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போய் வெள்ளைத் தகரத்தில் கறுப்பு எழுத்தில் எழுதச் சொன்னார். எழுதுகிறவர் இரண்டு முறை கேட்டார், "இதைத்தான் எழுதணுமா? நல்லா யோசிச்சீங்களா?" என்று. கடை வாசலில், பேப்பர் தொட்டிக்கு மேலே, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு லென்ஸே அதை முடுக்கினார்.

'குப்பை வண்டி எரிந்தது இந்தக் கடையில் கொடுத்த செல்லால். எதிர்க்கடைமேல் நான் சொன்ன பழி தவறு.'

மேசை சுவரைப் பார்த்திருந்ததால் படிக்கிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் முதுகில் விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பார்கள். பெரியவர்கள் முணுமுணுவென்று படித்துக் கடைசியில் "அட" என்பார்கள். சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்த ஆளுதானா?" என்று பக்கத்தில் கேட்பார்கள். செல் மாற்ற வந்த ஒருவர் படித்துவிட்டுப் படியேறாமலே போய்விட்டார். ஒவ்வொரு முறையும் லென்ஸின் கை அப்படியே நிற்கும். படித்து முடிந்து காலடி நகர்ந்த பிறகுதான் திருப்புளி மறுபடி திரும்பும்.

"ஏண்ணே, போதும்ணே" என்றார் சலூன்காரர். "எங்களுக்கே பாக்கக் கூசுது. ஷேவிங் பண்ண உக்காந்தவன் கண்ணாடியில உங்க போர்டைத் தலைகீழா படிக்கிறான்."

"கண்ணாடியில இடம் வலம்தான் மாறும், தலைகீழா தெரியாது" என்றார் லென்ஸ். பல மாதங்களில் அவர் யாரையாவது திருத்தியது அதுதான் முதல் தடவை. உடனே வாயை மூடிக்கொண்டார்.

ஒருநாள் பின்னாலிருந்து வேறொரு குரல் படித்தது. நிதானமாக, முழுசாக. லென்ஸ் திரும்பவில்லை. யார் என்று தெரிந்ததால்தான் திரும்பவில்லை.

"போர்டை எடுங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

"இருக்கட்டும்."

"போறவன் வர்றவன் எல்லாம் இதைப் படிச்சுட்டு, எதிர்க்கடை எதுன்னு திரும்பி என்னைப் பாக்குறான். எனக்கு நல்லது செய்றதா நினைச்சு என்னையும் சேத்து மாட்டி வெச்சிருக்கீங்க."

இது லென்ஸுக்குத் தோன்றவே இல்லை. "வண்டியக்காவுக்குப் புது வண்டி வரட்டும் மாப்ளே. அன்னைக்கு எடுத்துடறேன்."

"அது வர்றப்ப வரட்டும். நான் போர்டு கேக்கல. வாயால சொன்னீங்க, வாயால கேளுங்க. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவன் கொஞ்சம் நின்றான். "விளக்கைக் கிட்ட இழுத்து வெச்சுக்கோங்க. இந்த வெளிச்சத்துல கண்ணு போயிடும்."

புது வண்டி வந்தது. ஒரு காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு பச்சைப் பெயிண்ட் மணக்கத் தெருவில் நுழைந்தது. வண்டியக்கா எல்லாக் கடை முன்னாலும் நிறுத்திக் காட்டினாள். பேக்கரிக்காரர் கண்ணாடியில் ஒரு ரிப்பன் கட்டினார். தெருவே வெளியே வந்து நின்றது.

லென்ஸும் வெளியே வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையின் இடப்பக்க மேல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். தெருவுக்கு முதுகு காட்டித்தான் நின்றார். மழையில் துருவேறிக் கிடந்தது, வாட்ச் திருப்புளிக்கு அசையவில்லை. பெரிதாக ஒன்று எடுத்துவந்து, பல்லைக் கடித்து ஒருவழியாக அதைக் கழற்றினார். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, பாத்து!" என்று வண்டியிலிருந்து கத்தினாள் வண்டியக்கா. "எனக்குக் கை ஆறினதும் உங்களுக்குக் கால் உடையணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டூல்மேல் நின்றபடி லென்ஸ் திரும்பினார். அன்று முனையில் நின்ற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மைத்துனன் தன் கடை வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றான்.

"மாப்ளே" என்றார். மறுபடி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாப்ளே! அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு. எல்லாரும் சிரிக்கணும்னு வேற சொன்னேன். அதுதான் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடு."

அவர் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. இறங்கி உள்ளே ஓடிவிடத்தான் தோன்றியது, ஆனால் சாய்ந்த பலகையை விட்டுவிட்டு இறங்கவும் முடியவில்லை.

மைத்துனன் தெருவைத் தாண்டி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"சரி சரி, கீழ இறங்குங்க. விழுந்து வெச்சா அக்கா என்னைத்தான் கேப்பா."

"மீதி மூணையும் கழட்டிட்டு வந்துடறேன்."

"துருப்பிடிச்சுக் கிடக்கு, எண்ணெய் விட்டுத்தான் கழட்டணும். நாளைக்கு நான் கழட்டிக் குடுக்கிறேன்."

"நான் மாட்டினதுடா. நானேதான் கழட்டணும். எண்ணெய் மட்டும் கொண்டுவா."

அன்று மத்தியானம் மனைவி ஒரே டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேசையைத் திருப்பிப் போடுவது பற்றி யாரும் பேசவில்லை. கை கழுவும்போது மட்டும் அவர் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "சொல்லிட்டேன். ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குதுடி."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார்.

மைத்துனன்தான் இப்போது லென்ஸ் கடையையும் பார்த்துக்கொள்கிறான். டேப் ஒட்டிய செல்கள் நிறைந்த டப்பாவை அவனே கொண்டுபோய் ஒப்படைத்தான். மறுநாளைக்கென்று அவன் கொண்டுவந்து வைத்த எண்ணெய்ப் புட்டி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. பலகையை யாரும் தொடவில்லை. இடப்பக்க மேல் திருகாணி மட்டும் கழன்றிருக்கிறது.